இடது கால் மட்டும் இறுக்குகிறது என்றாய்

அக்காவிடம் திட்டு வாங்கியே வளர்ந்த என் தம்பி யோகுவுக்கு,

நாளைக்கு உனக்கு வருஷத் திவசம். உன் பெண்டாட்டி புஷ்பா விடிந்ததுமே போனில் வாழையிலைக்குச் சொல்லிவிட்டாள். பாயசத்தில் பிளம்ஸ், அதுதான் உலர்ந்த திராட்சை, போடக் கூடாதாம், உனக்குப் பிடிக்காதாம். உயிரோடு இருந்தபோது உன்னிடம் கேட்டுக் கேட்டா சமைத்தார்கள்? இப்போது பார், வீடு முழுக்க உன் விருப்பம்தான். படையலில் வைக்கிற துணியை மட்டும் கடையில் வாங்க வேண்டாம், நான் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

படையல் போட்டுக் கும்பிடும்போது செத்தவரிடம் நல்ல வார்த்தையாக நாலு பேச வேண்டுமாம். எனக்கு அது வராது. உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் திட்டத்தான் வரும், படத்தில் பார்த்தாலும் அப்படித்தான். அதனால் திட்ட வேண்டியதையெல்லாம் இன்றைக்கே எழுதித் தீர்த்துவிடுகிறேன். பக்கத்தில் நின்று நாலு பேர் வாசித்தாலும் பரவாயில்லை. வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். உன் ஸ்கூல் வேனை நாங்கள் விற்கவில்லை.

விற்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். உன் கருமாதிப் பந்தியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. புஷ்பா அடுத்த வாரமே ஃபாரூக் நானாவிடம் போய் நின்றாள். நானாவை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: வேன் தரிப்பிடத்தில் வருஷக்கணக்காக உன் வேனுக்குப் பின்னால் தன் வேனை நிறுத்தியவர், பிளேன்டீயில் பாதியை உனக்கு ஊற்றிக் கொடுத்தவர். அவர்தான் உன் பெண்டாட்டிக்கு ஓட்டப் பழக்கினார். நம் வீட்டுக்கு ஏறுகிற அம்பிட்டிய மேட்டில் வேன் பின்னால் உருண்டபோது, "கிளச்ச மெல்ல உடுங்க மகள்! மெல்ல! அல்லாஹ்வே!" என்று அவர் போட்ட சத்தத்தில் நம் வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

இன்றைக்கு அவள் நன்றாகவே ஓட்டுகிறாள். உன்னை விட நிதானம். உன்னை "வேன் அங்கிள்" என்ற பிள்ளைகள் அவளை "வேன் ஆன்ட்டி" என்கிறார்கள். முன் சீட்டில் உன் மகள் தர்ஷி பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா கியர் மாற்றும்போதெல்லாம் அவள் கையைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். நீ போன பிறகு அந்தப் பிள்ளை யாரையாவது பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. கண்ணை எடுத்தால் போய்விடுவார்கள் என்று நினைக்கிறதோ என்னவோ.

சரி. இனித் திட்டு.

யாழ்ப்பாணத்துக்குக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஒரு ஹயர் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஓட்டமாகப் போனாய், ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்தாய். ஹயர் என்றால் தண்ணீரே குடிக்க மாட்டாய் நீ. குடித்தால் இடையில் இறங்க வேண்டும், இறங்கினால் பின்னால் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பாய். புஷ்பா நிரப்பிக் கொடுத்த போத்தல் நிரப்பியபடியே வீடு திரும்பியதாம். முகம் கழுவிக்கொண்டு நேரே ஸ்கூல் ஹயருக்குப் போய்விட்டாய். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக் கண்டி ஏரிக்கரை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? ஒரு வேன் நீளம் நகர்வதற்குள் ஒரு பிளேன்டீ ஆறிப்போகும். அதற்குள்ளேயும் அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கால்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, மத்தியான ஓட்டத்துக்கு முன்னால் டவுனில் இருக்கிற என் தையல் கடைக்கு வந்தாய். எப்போதும் படியேறும்போதே சீட்டியடிப்பாய். அன்றைக்குச் சீட்டி இல்லை, சப்பாத்துச் சத்தம்தான் கேட்டது, அதிலும் ஒரு சப்பாத்து இழுபட்டது.

"அக்கா, இந்தக் களிசான்ல இடது கால் மட்டும் இறுக்குது. கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடு."

"என்னாடா, ஒரு காலுக்கு மட்டும் கொழுப்பு வச்சிருச்சா?"

"கிளச் காலுக்கா. கண்டி ட்ராஃபிக்ல மிதிச்சி மிதிச்சி உரம் ஏறிருச்சி."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். திரைக்குப் பின்னால் போய் நான் வைத்திருக்கிற சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தாய். இடது காலை எதிரே இருந்த முக்காலியில் தூக்கி வைத்து, கெண்டைக்காலை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாய். நடந்தால் வலிக்கிறது, உள்ளே சூடாகக்கூட இருக்கிறது, புஷ்பா எண்ணெய் போட்டு உருவிவிட்டாள், இரண்டு நாளில் போய்விடும் என்றாய். முழங்காலுக்குக் கீழே தோல் பளபளவென்று இருந்தது. எண்ணெய் மினுக்கம் என்றுதான் நினைத்தேன்.

உனக்குத் தைக்கும்போது தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பேன். சின்னதில் நீ வளர்கிற வேகத்துக்காக ஆரம்பித்த பழக்கம், நாற்பது வயதுக்காரனுக்கும் விடவில்லை. அந்தத் துணி அன்றைக்கு உதவியது. இடது காலின் தையலைப் பிரித்தேன், உள்ளே இருந்ததை வெளியே விட்டேன், திரும்ப அடித்தேன். நீ போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதான் மூச்சு வருது" என்று காலைத் தட்டினாய். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை ஓடுவதில்லை.

இதைச் சொல்லி உன் காலில் விழுந்து அழுவேன் என்று நினைக்காதே. எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, உருவிவிட்டவளுக்கும் தெரியாது. தெரியாததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. தெரிந்த பிறகு சும்மா இருந்தால்தான் கேட்க வேண்டும்.

உனக்கு மட்டுமா அந்தக் கிளச் கதை? வேன் தரிப்பிடம் முழுக்க அதுதான் பேச்சு. யாருக்காவது இடது கால் வலித்தால் கிளச். முழங்கால் பிடித்தால் கிளச். நீ நொண்டுவதைப் பார்த்து ஃபாரூக் நானாவும் தன் சாரத்தைத் தூக்கிக் காட்டி, "எனக்கும் இதே வருத்தம் ஈக்கு தம்பி, கண்டியில ஓட்டுற எல்லாருக்கும் ஈக்கு" என்று சொன்னாராம். ஆறுதலுக்குத்தான் சொன்னார். பாவம், இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்.

மிதிக்கிற கால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நேற்றுவரை சரியாக இருந்த களிசான், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பத்தாமல் போகுமா? வருஷக்கணக்காகக் கிளச் மிதித்தாயே, அதற்கு முந்தின வாரம்வரை ஏன் வீங்கவில்லை? இந்தக் கேள்வி ஏன் ஒருவருக்கும் வரவில்லை?

நீ போன அந்த நாள் காலையை நீயே எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாயோ, அங்கே நினைக்க நேரம் இருந்தால். பிள்ளைகளை எல்லாம் இறக்கியாகிவிட்டது. நானாவிடம் போய், "மூச்சு ஒரு மாதிரி வாங்குது நானா, காஸ் போல" என்றாய். இஞ்சிச் சோடா வாங்கிக் குடித்தாய். ஏப்பம் வரவில்லை என்று குறைப்பட்டாயாம். நெஞ்சில் குத்துகிறது என்றும் சொன்னாயாம். பிறகு வேனை எடுத்தாய்.

யோகு, ஆஸ்பத்திரி கீழே டவுனுக்குள்ளேயே இருந்தது. நீ மேலே ஓட்டினாய்.

ஏன்டா மேலே ஓட்டினாய்? வீட்டில் போய் ஒரு அரைமணி நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாய், அதுதானே? அத்தனை வளைவையும் அந்த மூச்சோடு எப்படித் திருப்பினாய்? வாசலில் வேனை ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வழக்கம் போல டயருக்குக் கல்லும் வைத்திருக்கிறாய். வேன் உருளக் கூடாது என்பதில் எவ்வளவு கவனம். "புஷ்பா, தண்ணி" என்று கேட்டாயாம். நீயாகத் தண்ணீர் கேட்டது அவளுக்கு அதிசயமாக இருந்ததாம். அவள் கோப்பையோடு வருவதற்குள் நிலைப்படியில் விழுந்துவிட்டாய்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் அதே வளைவுகளில் உன்னைக் கீழே கொண்டுபோனோம். வெறும் உடம்பைத்தான் கொண்டுபோனோம் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள்.

வெள்ளைக்கொடி கட்டிய வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "ஹார்ட் அட்டாக்" என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உடலைப் பரிசோதித்த டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: இதயத்தில் கோளாறு இல்லை, காலின் உட்புற இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது, அதிலிருந்து ஒரு துண்டு கழன்று மேலே போய் நுரையீரலை அடைத்திருக்கிறது. நெடுநேரம் அசையாமல், தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்தே இருந்தால் இப்படி உறையலாமாம். எனக்கு விளங்கவில்லை. "காலா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். "காலாலயா செத்தான்?" என்று திரும்பவும் கேட்டேன். அந்த மனிதர் பொறுமையாக மறுபடியும் ஆமாம் என்றார்.

காலால் ஒரு மனிதன் சாவான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த சித்தப்பா, "மலையில வழுக்கி விழுந்தானா?" என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் விளக்கி அலுத்துப் போய்க் கடைசியில் நாங்களும் "ஹார்ட்" என்றே சொல்லத் தொடங்கினோம். அது தப்பு. உன் ஹார்ட் நன்றாகத்தான் இருந்தது, அது எனக்குத் தெரியும்.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தர்ஷியின் யூனிஃபோம் கை நீளம் பத்தவில்லை என்று புஷ்பா கடைக்கு வந்தாள். மத்தியான ஓட்டத்துக்கு முன்னால், நீ வருகிற அதே நேரம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது, அதில் ஒன்று இழுபட்டது. நான் மெஷினில் இருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் தூக்கிக்கொண்டது.

"என்னா கால இழுக்கிற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நேத்துலருந்து லேசா வீங்கியிருக்கு. கிளச் காலு."

மெஷினை விட்டு எழுந்தேன். அவளைக் கதிரையில் தள்ளி உட்கார வைத்தேன், சுரிதார் காலை முழங்கால்வரை சுருட்டினேன். இடது கெண்டைக்கால் வீங்கி இறுகியிருந்தது. தொட்டால் "ஸ்" என்றாள். வலது கால் எப்போதும் போல் இருந்தது.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இப்பவா? ஸ்கூல் விடப்போகுது அண்ணி, பிள்ளைங்கள யாரு எடுக்கிறது? நாளைக்குக் காலைல போவமே."

யோகு, எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "ஒருத்தன் இப்பிடித்தான் பிள்ளைங்கள இறக்கிட்டுப் போய்ச் சேந்தான். நீயும் போயிட்டா தர்ஷிக்கு அம்மாவ எந்தக் கடையிலடி வாங்கிக் குடுப்பேன்?" என்று கத்தினேன். பிளவுஸ் வாங்க வந்திருந்த சிங்கள நோனா ஒருவர் பயந்து எழுந்து நின்றுவிட்டார். புஷ்பாவின் முகம் வெளுத்துப் போனது. அவளுக்கு அதுவரை அந்த நினைப்பே வரவில்லை. உன் காலைத் தன் கையாலேயே உருவிவிட்டவளுக்குத் தன் காலில் அது தெரியவில்லை என்றால், இந்தக் கிளச் கதை எவ்வளவு ஆழமாக எங்களுக்குள் இறங்கியிருக்க வேண்டும்!

நானாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. "எந்தக் கால்? ஒரு காலா, ரெண்டுமா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். "போங்க போங்க, உடனே போங்க. பிள்ளைகள நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஆட்டோவில் போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு சரியாகத்தான் வருகிறது, நெஞ்சு வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். வெளியே பார்த்தேன். ஆட்டோ கீழே, ஆஸ்பத்திரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் புஷ்பா வாங்கில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. நேரே போய், எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியிருக்கிறது, இவள் புருஷன் இப்படித்தான் வீங்கிப் போன வருஷம் செத்தான் என்று தாதியிடம் சொன்னேன். அந்தப் பெண் உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

யாழ்ப்பாணத்து டாக்டர் பிள்ளை ஒருத்தி இருந்தாள். தர்ஷியை விடக் கொஞ்சம்தான் பெரியவள் போல இருந்தாள்.

"வீக்கம் எப்ப துவங்கினது? கன நேரம் இருந்து ஓடுறனீங்களோ? மூச்சு முட்டுதோ, நெஞ்சு நோகுதோ? இருமேக்க ரத்தம் வந்ததோ?"

புஷ்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அந்தப் பிள்ளை மேசை லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். என்ன எடுத்தாள் தெரியுமா? அளவு நாடா. என் கழுத்தில் நாள் முழுக்கத் தொங்குமே, அதே நாடாதான். முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தைக் குறித்து, இடது கெண்டையைச் சுற்றி அளந்தாள். வலது காலிலும் அதே இடத்தில் அளந்தாள். இரண்டு கணக்கையும் எழுதிக்கொண்டாள். ஒரு டாக்டர் செய்கிற முதல் வேலை இவ்வளவுதான் யோகு.

அப்போதுதான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கடையிலிருந்து ஓடி வந்த அவசரத்தில் என் நாடாவைக் கழற்றவே இல்லை. அந்தப் பிள்ளை பார்த்துவிட்டு, "நீங்களும் கொண்டுதான் வந்திருக்கிறீங்கள்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ முக்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்த அன்றைக்கும் இது என் கழுத்தில்தான் தொங்கியது.

ஸ்கேனுக்கு வெளியே காத்திருந்தோம். புஷ்பா மெல்ல, "நான் உருவுனதாலதான் அது கழண்டுருச்சா அண்ணி?" என்று கேட்டாள். ஒரு வருஷமாக அவள் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். ஸ்கேன் முடிந்து திரும்பி வந்ததும் டாக்டர் பிள்ளையிடம் நானே கேட்டுவிட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "அப்பிடி வீங்கின காலை உருவக் கூடாதுதான் அக்கா. ஆனா அதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. சும்மா நடந்து போகேக்கயும் அது கழண்டு போகும்" என்றாள். புஷ்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஸ்கேன் முடிவை அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், எழுதுகிற வேகத்தில் தாண்டிவிட்டேன். கட்டி இல்லை. கெண்டைக்கால் தசையில் ஒரு சின்னக் கிழிசல்.

"என்ன கியர் வாகனமோ? இந்தக் கால் கிளச் மிதிக்கிற கால் எல்லோ? அப்ப அதுதான் காரணம்" என்றாள் டாக்டர் பிள்ளை.

புஷ்பா ஒரே நேரத்தில் சிரித்து அழுதாள். நான் வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உன் செத்த வீட்டில்கூட அழாத அழுகையை அங்கே அழுதேன். கிளச்சாம், யோகு. அதே கிளச். நீ சொன்ன அதே வார்த்தைதான். உனக்கும் இப்படி ஒரு பிள்ளை ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் "கிளச்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருக்க மாட்டாள், வேறொன்றைத்தான் சொல்லியிருப்பாள். உறையாமல் இருக்க மருந்து கொடுத்துக் கட்டிலில் படுக்க வைத்திருப்பாள், நீ "ஹயர் போகுதே" என்று முணுமுணுத்திருப்பாய், நான் சாப்பாடு கொண்டுவந்து திட்டிக்கொண்டே ஊட்டியிருப்பேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். வெட்கமாகவும் இருந்தது. "சும்மா வந்து ஒங்க நேரத்த வீணாக்கிட்டோமா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னக்கா கதைக்கிறீங்கள்? இது தசையோ கட்டியோ எண்டு எங்களுக்கே கண்ணால பாத்துத் தெரியாது. ஒரு கால் மட்டும் திடீரெண்டு வீங்கி, நொந்து, சூடா இருந்தா அண்டைக்கே வரோணும். நாளைக்கு எண்டு வைக்கக் கூடாது. அதோட மூச்சு முட்டினா, நெஞ்சு நொந்தா, மயங்கி விழுந்தா ஒரு நிமிசமும் நிக்காம அம்புலன்ஸைக் கூப்பிடோணும். தானே ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது."

இரண்டு காலும் வீங்கினால்? அதையும் கேட்டேன், நம் மாமிக்குச் சாயங்காலமானால் இரண்டும் வீங்குமே. கொஞ்சம் கொஞ்சமாக வீங்குவது வேறு, இதயம், சிறுநீரகம், ஈரல் எல்லாம் பார்க்க வேண்டும், அதையும் வயசு என்று விடாமல் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள் என்றாள். மாமியை வருகிற வாரம் கூட்டிப் போகிறேன். வர மாட்டேன் என்று இப்போதே அடம் பிடிக்கிறார். என்னிடமா?

புஷ்பா இப்போது வீட்டில் ஓய்வில் இருக்கிறாள். பிள்ளைகளை நானாவும் மற்ற டிரைவர்மாரும் பங்கு போட்டு ஏற்றிக்கொள்கிறார்கள். நேற்று அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூடம் விடும்வரை சீட்டிலேயே சாய்ந்து தூங்குகிற கூட்டம், வேனைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறது. கோயிலைச் சுற்றுகிற மாதிரி இருந்தது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். நானா என்னைக் கண்டதும், "யோகு தம்பிட வேலை இது, மகள்" என்றார். உனக்கு இவ்வளவு மரியாதை உயிரோடு கிடைக்கவில்லையே.

தர்ஷி அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நானாவின் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம், நாங்கள் போன் போடும்வரை. அம்மாவுக்குக் கட்டி இல்லை என்று சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அத்த, அப்பாவுக்கும் அன்னைக்கே பாத்திருந்தா?" நீ சொல்லு பார்ப்போம். உன் மகளுக்கு நான் என்னடா சொல்ல?

பொழுது சாய்கிறது, மெஷினில் பாதி வேலை கிடக்கிறது. நீ கடைசியாகக் கொண்டுவந்த அந்தக் கறுப்புக் களிசான் புஷ்பாவின் அலுமாரியில்தான் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். இடது காலில் பழைய தையல் போன தடம் இன்னும் கோடாகத் தெரிகிறது. துணி மறக்கவில்லை. நானும் மறக்க மாட்டேன். யோகு, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு பக்கம் மட்டும் இறுக்குகிறது, லூஸ் பண்ணிக் கொடு என்று இந்தக் கடைக்கு யார் வந்தாலும் சரி, இரண்டு காலையும் அளந்து பார்க்காமல் நான் கத்தரியைத் தொட மாட்டேன். ஒன்று பெரிதாக இருந்தால் துணியைத் திருப்பிக் கொடுத்து, ஆளை ஆட்டோவில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. சண்டை பிடித்தால் பிடிக்கட்டும்.

நாளைக்குப் படையலில் உனக்கு ஒரு புதுக் களிசான் வைக்கிறேன். யாரிடமும் அளவு கேட்கவில்லை. இரண்டு காலும் ஒரே அளவில்தான் வெட்டியிருக்கிறேன். போட்டுப் பார்.

உன் அளவெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற,
அக்கா செல்வராணி
அம்பிட்டிய